இலங்கை மலைநாட்டுக் குசினியில் வைன்: எந்தக் கறிக்கு எது, சட்டியில் எப்போது ஊற்றுவது

வைன் பற்றிய வழிகாட்டி எதை எடுத்தாலும் முதல் வரியிலேயே ஒரு விதி இருக்கும்: இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கும் கோழிக்கும் வெள்ளை. தட்டில் ஒரு துண்டு இறைச்சி, பக்கத்தில் கொஞ்சம் உருளைக்கிழங்கு, சாப்பாடு அவ்வளவுதான் என்றால் அது சரி. நம் தட்டில் சோறு, பருப்பு, கோழிக்கறி, லீக்ஸ், கருவாட்டுப் பொரியல், தேங்காய்ச் சம்பல், அப்பளம் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும், பிசைந்து எடுக்கும் ஒவ்வொரு வாயும் வேறு வேறு ருசி, இதில் கோழிக்கு என்ன வைன் என்று கேட்டு என்ன ஆகப்போகிறது? அதனால் நான் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறேன். குடிப்பதற்கு வைன் எடுக்கும்போது தட்டில் எது அதிகம் உறைக்கிறது, எது அதிகம் புளிக்கிறது என்று பாருங்கள், இறைச்சியை அப்புறம் பார்க்கலாம். சமைக்கும்போது வைனைப் புளியின் இடத்தில் வைத்துப் பாருங்கள். கீழே இருப்பதெல்லாம் இந்த இரண்டின் விளக்கம்தான்.

இன்னொன்று. குடி எத்தனை குடும்பங்களைக் கெடுத்திருக்கிறது என்று தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. குடிக்காதவர்களைக் குடிக்க வைக்கும் எண்ணம் எனக்கில்லை. சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் எடுக்கிறவர்களுக்கும், கிறிஸ்மஸுக்கு வந்த போத்தலை என்ன செய்வது என்று யோசிக்கிறவர்களுக்கும்தான் இது. சமையலில் வைனுக்குப் பதிலாக எதைப் போடலாம் என்பதும் கீழே இருக்கிறது.

முதலில் நாக்கைப் பழக்குங்கள்

வைனில் கவனிக்க வேண்டியவை ஐந்து: இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, மதுசாரத்தின் சூடு, வாயில் தெரியும் கனம். இதில் துவர்ப்பைப் பற்றி மலைநாட்டு ஆட்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம். தேயிலையை அதிகம் போட்டு ரொம்ப நேரம் ஊறவிட்ட பிளேன் டீயைக் குடித்தால் முரசும் நாக்கும் வறண்டு ஒட்டுகிற மாதிரி இருக்குமே, சிவப்பு வைன் செய்வதும் அதையேதான். தேயிலையிலும் திராட்சைத் தோலிலும் விதையிலும் இருப்பது ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பொருட்கள், வைன்காரர்கள் அவற்றை டனின் என்கிறார்கள். டீயில் பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்குவது ஏன் தெரியுமா? பாலிலுள்ள புரதம் அந்தப் பொருட்களைப் பிடித்துக்கொள்கிறது. கொழுப்பான இறைச்சியோடும் சீஸோடும் துவர்ப்பான சிவப்பு வைன் மிருதுவாகிப்போவதற்கும் காரணம் அநேகமாக அதுதான்.

ருசி பார்க்கும் முறையும் நமக்குத் தெரிந்ததே. தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கர் கரண்டியில் எடுத்து சர்ரென்று சத்தத்தோடு காற்றும் சேர உறிஞ்சி, வாயெல்லாம் சுற்றவிட்டுத் துப்புவார். வைனுக்கும் அப்படியே செய்யுங்கள். கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றிச் சுழற்றி மோந்து பாருங்கள், பிறகு காற்றோடு உறிஞ்சுங்கள். வாயின் இரு பக்கமும் எச்சில் ஊறினால் புளிப்பு அதிகம். முரசு வறண்டால் துவர்ப்பு. விழுங்கிய பிறகு தொண்டையில் சூடு நின்றால் மதுசாரம் கூட. பெயர்களை மனப்பாடம் செய்வதை விட இந்த மூன்றையும் பிரித்தறிவது ஆயிரம் மடங்கு பிரயோசனம்.

வாங்கும்போது

வைன் ஸ்டோர்ஸ் என்று போர்டு போட்ட கடையில் முன்வரிசை முழுக்கச் சாராயமும் பியருமாக இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வைன் தெரிவு செய்து எடுக்க வேண்டுமானால் நுவரெலியா, கண்டி, பண்டாரவளை போன்ற டவுன்களில் மதுபானப் பகுதி உள்ள சுப்பர் மார்க்கட்தான் வசதி. அநேகமாக எல்லாமே இறக்குமதி, வரியும் சேர்ந்து விலை கடிக்கும். போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்தில் விற்பனை கிடையாது, ஆகவே விருந்து போயாவை ஒட்டி வந்தால் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். 21 வயதுக்குக் கீழே இருந்தால் விற்கமாட்டார்கள். பெண்கள் மதுபானம் வாங்கத் தடை என்ற பழைய விதியை 2018 ஜனவரியில் நிதி அமைச்சு நீக்கியது, சில நாட்களுக்குள்ளேயே அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டார். குசினியைப் பெண்கள் தலையில் கட்டிவிட்டு, அந்தக் குசினிக்கு வேண்டிய போத்தலை மட்டும் அவர்கள் வாங்கக்கூடாது என்றது என்ன நியாயமோ.

போத்தலைத் திருப்பிப் பின்பக்க லேபிளைப் பாருங்கள். மதுசார வீதம்தான் முதல் தகவல். நம் சாப்பாட்டுக்கு 12.5 வீதமோ அதற்குக் கீழோ நல்லது, 14ஐத் தாண்டினால் உறைப்புக் கறியோடு சண்டைக்கு வரும். ஓக் மரப் பீப்பாயில் வைத்தது என்று பெருமையாக எழுதியிருந்தால், உறைப்பான சாப்பாட்டுக்கு அதைத் தவிருங்கள். திருகு மூடி என்றால் மட்டமான வைன் என்று நினைக்க வேண்டாம், நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் நல்ல வைனுக்கே அதைத்தான் போடுகிறார்கள். ஒரு போத்தல் 750 மில்லி, 150 மில்லிப்படி ஐந்து கிளாஸ் வரும்.

எந்தக் குளிரில் பரிமாறுவது

இதில் நமக்கு அதிர்ஷ்டம். சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் பரிமாறுங்கள் என்று புத்தகம் சொல்வது ஐரோப்பாவின் பழைய குளிர்ந்த வீடுகளை வைத்து, அதாவது 16 முதல் 18 பாகை. கொழும்பில் இது நடக்காது. நுவரெலியாவின் வருடச் சராசரியே 16 பாகையை ஒட்டித்தான் இருக்கிறது, வெயில் படாத அலுமாரியில் வைத்த போத்தலை அப்படியே திறக்கலாம். ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் என்றால் கால் மணி நேரம் ஃப்ரிஜ்ஜில். வெள்ளையும் ரோஸே எனும் இளஞ்சிவப்பு வைனும் 8 முதல் 12 பாகை, நுரைக்கும் வைன் இன்னும் குளிராக. போத்தலை அடுப்புப் பக்கத்துத் தட்டில் மட்டும் வைக்காதீர்கள்.

தட்டில் இருப்பதற்கு எது பொருந்தும்

மிளகாயின் உறைப்பை நாக்கில் எந்த உணர்வி பிடிக்கிறதோ அதே உணர்வியை மதுசாரமும் தூண்டும். ஆகவே 14.5 வீத சிவப்பு வைனை உறைப்பான கோழிக்கறியோடு குடித்தால் வாய் எரிகிறது, வைனும் கசக்கிறது. கொஞ்சம் இனிப்பும் நல்ல புளிப்பும் குறைந்த மதுசாரமும் உள்ளது அதே உறைப்பைத் தணிக்கும். ஜேர்மனியின் மோசல் பகுதி ரீஸ்லிங் என்ற வெள்ளை வைனில் 8, 9 வீதம் மட்டுமே உள்ளவை இருக்கின்றன, இத்தாலியின் மொஸ்காட்டோ டி ஆஸ்தி என்ற இனிப்பு வைன் 5 வீதத்தை ஒட்டித்தான் வரும். ரீஸ்லிங் நம் கடைகளில் கண்ணில் படுவது அருமை. கிடைக்காவிட்டால் தென்னாபிரிக்காவின் ஷெனான் பிளாங் (இதுவும் வெள்ளைதான்), அதுவும் இல்லாவிட்டால் இலேசான இனிப்புள்ள ரோஸே. சோறு, நாலு கறி, சம்பல் என்று எல்லாம் கலந்த சாப்பாட்டுக்கு ஒரே ஒரு போத்தல்தான் வாங்க முடியும் என்றால் நான் குளிர்ந்த ரோஸேயைத்தான் வாங்குவேன், அது எதையும் கெடுக்காது.

புளிக்கு ஒரு கணக்கு இருக்கிறது: சாப்பாட்டை விட வைன் புளிப்பாக இருக்க வேண்டும். கொரக்காப் புளி போட்ட மீன் அம்புல்தியலோடு சப்பென்ற சார்டனே வெள்ளை வைனைக் குடித்தால் அது தண்ணீராகத் தெரியும். நியூசிலாந்தின் புளிப்பான வெள்ளை வைன் சோவினியோன் பிளாங் தாக்குப்பிடிக்கும். தேசிக்காய் பிழிந்த சலாதுக்கும் அதுவே. சொதி, வெள்ளைக்கறி, கட்டிப்பால் விட்ட பூசணிக்காய் போன்றவற்றில் தேங்காய்ப்பாலின் கொழுப்பும் இனிப்பும்தான் மேலே நிற்கும், அங்கே சார்டனேயோ வியோனியே என்ற வெள்ளை வைனோ வாய்க்கு இதமாக இருக்கும்.

மீனும் சிவப்பு வைனும் ஏன் ஒத்துவராது என்பதற்கு விளக்கம் இருக்கிறது. சில சிவப்பு வைன்களில் இரும்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அது மீனின் கொழுப்போடு சேர்ந்து வாயில் பழைய மீன் வாடையைக் கிளப்புகிறது என்று 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம்முடைய பிரச்சினை மீன்கறியோடு முடிவதில்லை. சம்பலில் மாசி, கீரையில் நெத்தலி, பக்கத்தில் கருவாடு என்று மீன் ஒளிந்துகொண்டு இருக்கும். ஆட்டிறைச்சிக்காகத் திறந்த சிவப்பு வைன் திடீரென்று இரும்பு ஆணியை நக்கியது போல இருந்தால் குற்றவாளி அநேகமாக மாசிதான். சிவப்பு திறக்கும் நாளில் சம்பலை மாசி இல்லாமல் இடியுங்கள்.

இப்போது மிளகு. இது எனக்கு மிகவும் பிடித்த சேர்க்கை. ஷிராஸ் என்ற சிவப்பு வைன் திராட்சையில் வரும் மிளகு வாசனைக்கும் உண்மையான மிளகின் வாசனைக்கும் காரணம் ரொட்டண்டோன் என்ற ஒரே பொருள், 2008இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது. செத்தல் மிளகாயைக் குறைத்து மாத்தளை மிளகை இடித்துப் போட்டு, கறித்தூளைக் கறுக்க வறுத்துச் செய்யும் ஆட்டிறைச்சிக்கோ பன்றி இறைச்சிக்கோ ஷிராஸ் அப்படிப் பொருந்துகிறது. மிளகாய் உறைப்பு இருக்கக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

மற்றவை சுருக்கமாக. டெவல்ட் கோழி, டெவல்ட் இறால்: இனிப்பு ரோஸே. கொத்து ரொட்டி: நுரைக்கும் வைன், அல்லது மரியாதையாக பியர். வடை, பகோடா, கட்லட் போன்ற எண்ணெய்ப் பலகாரம்: நுரைக்கும் வைன்தான், குமிழும் புளிப்பும் எண்ணெயைக் கழுவிவிடும். தந்தூரி வகை: குளிரவைத்த இலேசான சிவப்பு, பினோ நுவார் போல. கிறிஸ்மஸ் கேக்: போர்த்துக்கலின் போர்ட் என்ற இனிப்பு வைன், ஏனென்றால் இனிப்புப் பண்டத்தை விட வைன் இனிப்பாக இருந்தால்தான் அது புளிக்காமல் இருக்கும். கோதுமை மா ரொட்டியும் கட்டச் சம்பலும்: எந்த வைனும் வேண்டாம், பிளேன் டீ ஊற்றிக் குடியுங்கள்.

சட்டியில் ஊற்றும்போது

வைனைப் புளி என்று நினையுங்கள் என்று சொன்னேன் அல்லவா. புளியை எந்தக் கறிக்கு எந்தக் கட்டத்தில் விடுவீர்களோ, எதோடு சேர்த்தால் திரையும் என்று பயப்படுவீர்களோ, அந்த அறிவு முழுவதும் இங்கே வேலை செய்யும். வைன் ஊற்றும் கறிக்குப் பழப்புளி, கொரக்கா, வினாகிரி, தக்காளி இவற்றில் எதையும் வழக்கமான அளவில் போடக்கூடாது. அலுமினியச் சட்டியும் பழகாத இரும்புத் தாச்சியும் புளிக்கு ஆகாது, வைனுக்கும் ஆகாது, உலோக வாடை ஏறும். எவர்சில்வர் சட்டி நல்லது, பழகிய மண்சட்டியும் பரவாயில்லை.

எந்த வைன்? குடிக்க முடியாததை ஊற்றாதீர்கள், விலையுயர்ந்ததையும் ஊற்றாதீர்கள். கொதிக்கும்போது மெல்லிய வாசனைகள் போய்விடும், புளிப்பும் இனிப்பும் துவர்ப்பும் மட்டும் சுண்டிக் கூடும். அதனால் சிவப்பு வைனில் துவர்ப்பு அதிகமான கபர்னே வகையை விட மெர்லோ வகை பாதுகாப்பு.

மதுசாரம் எல்லாம் கொதித்துப் போய்விடும் என்பது பொய். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணைப்படி, கலந்து 15 நிமிடம் கொதித்தால் ஊற்றிய மதுசாரத்தில் 40 வீதம் மிஞ்சும், ஒரு மணி நேரத்தில் 25 வீதம், இரண்டரை மணி நேரத்திலும் 5 வீதம். மூடி போட்டால் இன்னும் அதிகம் நிற்கும். முஸ்லிம் நண்பர்கள், குடியை விட்டவர்கள், கர்ப்பிணிகள், பிள்ளைகள் சாப்பிட வருகிறார்கள் என்றால் வைன் போட்டதைக் கட்டாயம் முதலிலேயே சொல்லுங்கள், அல்லது போடாதீர்கள். பதிலுக்கு, இனிப்புச் சேர்க்காத திராட்சைச் சாறு ஒரு கப்புக்கு வினாகிரி ஒரு மேசைக்கரண்டி கலந்தால் சிவப்பு வைனின் வேலையில் பாதியைச் செய்யும்.

உயரத்தையும் மறக்கக்கூடாது. 300 மீற்றர் ஏற ஏற தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை ஒரு பாகை போலக் குறையும். 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் சுமார் 94 பாகையிலேயே கொதிக்கும். வெளிநாட்டுக் குறிப்பில் ஒன்றரை மணி நேரம் என்றிருந்தால் இங்கே இரண்டு மணி நேரம் வையுங்கள், குழம்பு வற்றாமல் கொஞ்சம் சுடுதண்ணீர் கூட விடுங்கள்.

மிளகு ஆட்டிறைச்சி, சிவப்பு வைனோடு

எலும்போடு ஒரு கிலோ ஆட்டிறைச்சி. உப்பு, மஞ்சள், இடித்த மிளகு இரண்டு தேக்கரண்டி, வறுத்த கறித்தூள் இரண்டு மேசைக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி போட்டுப் பிரட்டி ஒரு மணி நேரம் வையுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கும் இதே முறைதான்.

சட்டியை நன்றாகக் காயவிட்டு எண்ணெய் விட்டு இறைச்சியை மூன்று தடவையாகப் பிரித்துச் சிவக்க வையுங்கள். ஒன்றாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு அவியும், சிவக்காது. எடுத்து வைத்துவிட்டு அதே சட்டியில் வெட்டிய பெரிய வெங்காயம் இரண்டு, கறிவேப்பிலை, ரம்பை, ஒரு துண்டு கறுவா. வெங்காயம் பொன்னிறமாகும்போது பாருங்கள், சட்டியின் அடியில் கபில நிறமாக ஒட்டியிருக்கும், தீய்ந்துவிட்டது என்று பயந்து தண்ணீர் ஊற்றத் தோன்றும். அந்த இடத்தில்தான் 250 மில்லி சிவப்பு வைனை ஊற்றுகிறோம். சர்ரென்று ஆவி எழும்பும், முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள், மதுசார ஆவி மூக்கில் ஏறும். கேஸ் அடுப்பென்றால் தீயைக் குறைத்து ஊற்றுங்கள், விறகு அடுப்பென்றால் சட்டியை இறக்கிவைத்து ஊற்றுங்கள், பற்றிக்கொள்ளலாம். மரக் கரண்டியால் அடியைச் சுரண்டச் சுரண்ட ஒட்டியதெல்லாம் வைனில் கரைந்து வரும், கறியின் ருசி பாதி அதில்தான். மூடி போடாமல் பாதியாகச் சுண்டவிடுங்கள். மோந்து பார்த்தால் மூக்கைக் குத்தும் நெடி போய் பழ வாசனை மட்டும் நிற்க வேண்டும், அதுவரை இறைச்சியைத் திரும்பப் போடாதீர்கள்.

பிறகு இறைச்சி, மூழ்கும் அளவு சுடுதண்ணீர், சிறு தீ. பிரஷர் குக்கரில் போடுவதானாலும் வைனைச் சுண்டவிட்ட பிறகுதான் மூட வேண்டும், இல்லாவிட்டால் நெடி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இறைச்சி எலும்பை விடும்போது தீயை நன்றாகக் குறைத்து அரைக் கப் கட்டிப்பால் விட்டு, கொதிக்கவிடாமல் சூடேற்றி இறக்குங்கள். கொதித்தால் வைனின் புளிப்புக்குப் பால் திரையும். புளிப்புத் தூக்கலாக இருந்தால் கித்துள் கருப்பட்டி ஒரு சிறு துண்டு போதும்.

லீக்ஸும் ட்ரவுட்டும்

இது பத்து நிமிட வேலை. லீக்ஸை நீளவாக்கில் பிளந்து இதழ் இதழாகக் கழுவுங்கள், நுவரெலியா மண் உள்ளே வரைக்கும் இருக்கும். மெல்லியதாக அரிந்து பட்டரில் வதக்கி 100 மில்லி வெள்ளை வைன் விட்டு, வற்றியதும் உப்பும் மிளகும். வெள்ளைக்காரர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம் ஆறுகளில் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன் கிடைத்தால், இந்த லீக்ஸ் மேலேயே வைத்து மூடி, சதை முள்ளிலிருந்து இலகுவாகக் கழரும்வரை ஆவியில் வேகவிடுங்கள். மசாலா வேண்டாம். குடிக்கவும் அதே போத்தல்தான்.

வைனில் வேகவைத்த பெயார்ஸ்

வெலிமடைப் பக்கம் ரோட்டோரத்தில் குவித்து விற்கும் நம்மூர்ப் பெயார்ஸ் கல்லு மாதிரி இருக்கும், கடித்தால் மணல் மணலாக வரும், வாங்கிய பாதிப்பேர் திட்டுவார்கள். வேகவைக்க இதைவிட நல்ல பழம் இல்லை, இறக்குமதிப் பழம் இருபது நிமிடத்தில் குழைந்துவிடும், இது குழையாது.

ஆறு பழத்தைக் காம்போடு தோல் சீவுங்கள். சிவப்பு வைன் 500 மில்லி, தண்ணீர் 250 மில்லி, சீனி 150 கிராம், கறுவா ஒரு விரல் நீளம், கராம்பு நாலு, முழு மிளகு கொஞ்சம், தோடம்பழத் தோல் ஒரு கீற்று. சீனி கரைந்ததும் பழங்களைப் போட்டு, மேலே மிதக்காமல் இருக்க ஒரு சிறு பீங்கான் தட்டைக் கவிழ்த்து வையுங்கள். குமிழ் வந்தும் வராமலும் இருக்கும் தீயில் ஒரு மணி நேரம், நுவரெலியாவில் இன்னும் இருபது நிமிடம். ஈர்க்குக் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். அடுப்பை அணைத்து இரவு முழுக்க அதிலேயே ஊறவிடுங்கள், நிறம் உள்ளே இறங்குவது அப்போதுதான். மறுநாள் பழத்தை எடுத்துவிட்டு சாற்றை மூன்றில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சுங்கள். எருமைத் தயிரோடு குளிரப் பரிமாறலாம்.

மிஞ்சியது

திறந்த போத்தலை, சிவப்போ வெள்ளையோ, மூடி இறுக்கி ஃப்ரிஜ்ஜில் நிமிர்த்தி வைத்தால் மூன்று நாலு நாள் குடிக்கலாம். அதற்குமேல் போகும் என்று தெரிந்தால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவிடுங்கள், தண்ணீர் அளவுக்கு இறுகாது, மதுசாரம் இருப்பதால் கொஞ்சம் மிருதுவாகவே இருக்கும். ஒரு கட்டி ஏறத்தாழ இரண்டு மேசைக்கரண்டி வரும், வெங்காயம் வதங்கும்போது அப்படியே சட்டியில் போட்டுக்கொள்ளலாம்.